தெளிவில்லை

ஐப்பசி இடி ஒன்று
வெள்ளவத்தை மூன்றாம் மாடிக்குள் வந்து
என் கம்ப்யூட்டரின் மதர்போர்டைத் தின்றுவிட்டுப் போனது.
பம்பலப்பிட்டிக் கடையில் ருஷ்தி புதியது பூட்டித் தந்தான்.
"முந்தினதவிடத் திறம் அக்கா."
ஆறு மாத உத்தரவாதம்,
அதை எழுதிய மை அன்றைக்கே மங்கல்.

வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினால்
எல்லாக் குரலிலும் மணல்.
மவுஸை அசைத்தால் ஒரு நுளம்பு அழுகிறது,
கையெடுத்தால் நிறுத்துகிறது.
பக்கத்தை உருட்டினால்
யாரோ தகரம் சுரண்டுகிறார்கள்.

என் தொழில் கேட்பது.
தொழிற்பிணக்கு விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத்
தட்டச்சில் இறக்கிக் கொடுப்பது.
பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபா.
கேளாத இடத்தில் "தெளிவில்லை" என்று போடலாம்,
அதற்குக் காசு குறைக்க மாட்டார்கள்.

டிரைவரை அழித்தேன், திரும்பப் போட்டேன்.
முன் துளையிலிருந்து பின் துளைக்கு மாறினேன்.
போன் சார்ஜரைப் பிடுங்கினேன்.
ஃபானை நிறுத்தினேன்.
வியர்த்து வழிய பிரிட்ஜையும் நிறுத்தினேன்,
உள்ளே அரைக் கிலோ சூரை.
நுளம்பு அழுதுகொண்டே இருந்தது.

"எர்த் இருக்கா அக்கா?" என்றான் ருஷ்தி போனில்.
கீழே இறங்கி வீட்டுக்காரர் குணசிங்கத்திடம் கேட்டேன்.
"இருபத்திரண்டு வருசமா இந்தச் சுவரில எர்த் இல்லை.
ஆரும் செத்தவையோ?"
சாரத்தை இறுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

இரவு பதினொன்றரை.
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி
பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
ருஷ்தி சொன்ன மெல்லிய வயர்
மின்விசிறியின் காலடியில் படுத்திருந்தது.
பிடுங்கினேன்.
நுளம்பு செத்தது.

மிச்சம் ஒரு தாழ்ந்த உறுமல்.
ஹெட்போனைக் கழற்றினாலும் அது இருந்தது,
மாட்டினாலும் இருந்தது.
தண்டவாளத்துக்கு அப்பால் கடலா,
இப்பால் கரண்டா,
பிரித்தறிய முடியவில்லை.

சோதிக்க ஒரு பழைய ஃபைல்:
இரத்மலானைத் தையல் ஃபெக்டரி,
சாட்சி மரியபுஷ்பம், முப்பத்தொன்றாம் பக்கம்.
கேள்வி சிங்களத்தில்.
மொழிபெயர்ப்பாளரின் தமிழ்.
இடைவெளி.
பிறகு மொழிபெயர்ப்பாளர், கொட்டாவியோடு:
"மதக நெஹெலு."
ஞாபகம் இல்லையாம்.

அந்த இடைவெளி பழைய போர்டில் வெறும் வெள்ளையாக இருந்தது,
சலவை செய்த துணிபோல.
இப்போது உறுமலுக்குள்ளிருந்து ஒரு குரல்,
மேசைக்குச் சொல்வதுபோல:
"ஞாபகம் இருக்கு சார்.
இவருக்கு முன்னால சொல்ல ஏலாது."

மூன்று தரம் கேட்டேன்.
நாலாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு.

பழைய போர்டோடு ஒரு மென்பொருள் வந்திருந்தது,
இரைச்சல் அகற்றும் என்று.
நாலு வருசம் முன்பு நான்தான் சரியடையாளம் போட்டேன்.
நல்ல பிள்ளை.
ஃபான் சத்தத்தைக் கூட்டியது, கதிரை இழுபடுவதைக் கூட்டியது,
தணிந்து பேசியவர்களையும்
குப்பையோடு சேர்த்து வெளியே தள்ளியது.
நான் சுத்தமான ஒலி என்று மகிழ்ந்திருந்தேன்.

தேடற் கட்டத்தில் "தெளிவில்லை" என்று இட்டேன்.
இந்த ஒரு ஃபைலில் நாற்பத்து மூன்று.
போன செவ்வாய் ஒப்படைத்தாயிற்று.
அந்தக் காசு குணசிங்கத்தின் வாடகையாகிவிட்டது.
ஒப்படைத்த பிரதியைத் திருத்த என்ன படிவம்,
யாரிடம் வாங்குவது,
அப்படி ஒன்று இருக்கிறதா.

விடிய முதல் கோச்சி ஜன்னலை உலுக்கிப் போனபோது
பதினாறாவதில் நின்றேன்.
அதில் ஒரு இருமல் மட்டுமே.
இருமல் என்று தட்டினேன்.

எட்டு மணிக்கு ருஷ்தி:
"சத்தம் போச்சா அக்கா?"
"கொஞ்சம் இருக்கு."
"ஒரு சொஃப்ட்வெயார் இருக்கு, அனுப்பவா?
போட்டா எல்லாம் துடைச்ச மாதிரிப் போயிரும்."

கர்சர் பதினேழாவதின் முன்னால் துடித்துக்கொண்டிருந்தது.
"பொறு," என்றேன். "இப்ப வேண்டாம்."
ஏன் என்று அவன் கேட்கவில்லை,
வயர் பார்த்துச் சொன்னதற்குக் காசும் கேட்கவில்லை.

பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்திருந்தேன்.
வீடு முழுக்க மீன் மணத்தது.