விதி 14-ஆ

மாவட்ட கிரிக்கெட் சங்கம் என்பது
திருவாரூரில் ஓர் உரக்கடையின் மாடி.
பூச்சிமருந்து நெடியைத் தாண்டி ஏறினால்
நான்கு நாற்காலி, ஓர் இரும்பு பீரோ,
பீரோவுக்குள் மூன்று டிவிஷன்,
முப்பத்தெட்டு அணிகள்,
வயது குறைந்துகொண்டே போகும்
எட்டுப் பிறப்புச் சான்றிதழ்கள்.

நான் இணைச் செயலாளர்.
சம்பளம் கிடையாது; ஏச்சு உண்டு.
முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல்
முறை வைத்து மைதானம் விடுகிறேன்.
கடைமடை அணிக்குக் கடைசி ஞாயிறு.
அவர்கள் கேட்பதும் அதே கேள்விதான்:
"எங்களுக்கு எப்ப சார் வந்து சேரும்?"

மாசி இரண்டாம் ஞாயிறு.
கொரடாச்சேரிப் பள்ளி மைதானம்.
மிட்விக்கெட் பக்கம் முழுக்க நெல்.
ஈரப்பதம் இருபது என்று
பட்டியல் எழுத்தர் திருப்பிவிட்ட நெல்.
வெயில் விழுந்த இடத்தில் கொட்டியிருந்தார்கள்.
அள்ளச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது,
முத்திரையோடு, கையெழுத்தோடு.
வாய்தான் வரவில்லை.

கடைசிப் பந்து, மூன்று ரன்.
கூத்தாநல்லூர் ஜெகபர் தூக்கி அடித்தது
ஒரு குத்துக் குத்தி
நெல்லில் போய்ப் புதைந்தது.
விரட்டிப் போன பூந்தோட்டம் பாலகுரு
குவியலின் ஓரத்தில் சட்டென்று நின்றான்.
குனிந்தான்.
இடது ஷூவை அவிழ்த்தான்.
ஒன்று.
வலது ஷூ, முடிச்சு இறுகியிருந்தது.
இரண்டு.
வெறுங்காலோடு ஏறி
முழங்கை வரை விட்டுத் துழாவி
பந்தோடு நிமிர்ந்தபோது
மூன்று.

புதன்கிழமை விசாரணை.
புகார்க் கட்டணம் ஐந்நூறு,
இருபதும் பத்துமாக.
"பந்து தொலைந்தால் என்ன என்று
புத்தகத்தில் இருக்கிறது" என்றேன்.
"தொலையலையே,
எங்க கிடக்குன்னு எல்லாருக்கும் தெரியுமே"
என்றார் அம்பயர் வேதரத்தினம்.
வரப்பில் சிக்கினால்? நாய் கவ்வினால்?
அதற்கெல்லாம் பதில் இருந்தது.

பொருளாளர் ரெஜினா கேட்டார்:
"ஷூவ ஏன் தம்பி கழட்டுன?"
கேட்கக்கூடிய கேள்விதானா என்பதுபோல்
அவரைப் பார்த்தான்.
"நெல்லு, மேடம்."

மின்விசிறி சுற்றியது.
கீழே கடையில் யாரோ
பொட்டாஷ் மூட்டைக்குப் பேரம் பேசினார்கள்.
எதிரணித் தலைவனும் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

தீர்மான நோட்டில் எழுதினேன்:
விளக்கம் ஏற்கப்பட்டது.
முடிவில் மாற்றமில்லை.
கட்டணம் திருப்பித் தரப்பட்டது
(அதே இருபது, அதே பத்து).
விதி 14, உட்பிரிவு ஆ:
மைதானத்தில் நெல் இருப்பின்
எல்லைக்கோடு நெல்லுக்கு இப்பால்.

இந்த விதிப்படியும்
பூந்தோட்டம் தோற்றிருக்கும்.
மூன்றுக்குப் பதில் நான்கு.
ஷூ கழற்றும் வேலை மட்டும் மிச்சம்.

மாநிலச் சங்கத்துக்கு அனுப்பினேன்.
பதில் வந்தது:
குவியலின் நீளம், அகலம், உயரம்,
வரைபடம் இணைக்கவும்.
எந்த நாள் உயரத்தை எழுதுவது?

அடுத்த ஞாயிறு, காலை ஐந்தரை.
சுண்ணாம்பு வாளியோடு
நெல்லைச் சுற்றி நடக்கிறேன்.
பனிக்கு மூடிய தார்ப்பாய்க்குள்ளிருந்து
காவலுக்குப் படுத்தவர் தலை நீட்டினார்.
"எங்க நெல்லுக்கு எதுக்குங்க கோடு?"
"நெல்லுக்கு இல்லைங்க, பந்துக்கு."

கழுத்தில் தொங்கிய சங்க அட்டையை
உற்றுப் பார்த்தார்.
எழுந்து உட்கார்ந்தார்.
துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.
"லாரி எப்பங்க வரும்?"

நான் அந்த ஆள் இல்லை என்று
சொல்லியிருக்க வேண்டும்.
"வந்துரும்" என்றேன்,
வாளியைக் கை மாற்றிக்கொண்டு.

வந்தால்
என் கோடு இருபது கஜம் பின்னால் போகும்.
வரவில்லை.
இந்த வாரமும் அந்தப் பக்கம்
சிக்ஸர் சுலபம்.