ஆணி அடிக்கக் கூடாத வீடு

பதினோரு பங்காளி வீடு இது.
ஆணி அடிக்க வேண்டுமென்றால்
ஈப்போவுக்குப் போன் போட வேண்டும்.

டேப் ஒட்டிப் பார்த்தோம்.
முட்டை வெள்ளைக்கரு பூசி இழைத்த சுவர்
எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.
மூன்று மணிக்கு ஒட்டிய தோரணம்
மூன்றேகாலுக்குத் தரையில்.

"கறுப்பு பலூனா, பொறந்த நாளுக்கா?"
என்றதற்கு உமையாள்
என்னைப் பார்க்கக்கூட இல்லை.
கறுப்பும் வெள்ளியும்தானாம்.
எட்டுப் பேர் வருவார்களாம்.
நானும் அவள் அப்பாவும்
ரெண்டாங்கட்டைத் தாண்டக் கூடாதாம்.
கந்தரப்பம் சுடட்டுமா என்றேன்.
பீட்சா சொல்லியாயிற்று, காரைக்குடியில்;
பள்ளத்தூர் வருவதற்குள் ஆறிவிடும்.
சொல்லவில்லை.

கடைசியில் வாழைத்தாரை இறக்கிவிட்டு
அந்தக் கொக்கியிலேயே கட்டினாள்
வெள்ளி ஒன்றையும் வெள்ளி ஆறையும்.
அதில்தான் தூளி கட்டியிருந்தேன்.
அதையும் சொல்லவில்லை.

முற்றத்துக் காற்று ஒரு தள்ளு.
ஒற்றை நூலில் ஆடிய ஆறு
தலைகீழாகப் புரண்டு
ஒன்பதாகி நின்றது.

"அம்மா, பிடி, பிடி!"

ஸ்டூலில் ஏறித் திருப்பிப் பிடித்தேன்.
கையை எடுத்தால்
மறுபடி பத்தொன்பது.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்ற சத்தம்.
"போம்மா உள்ளே" என்றாள்,
நூல் இன்னும்
என் கையில் இருக்கும்போதே.