எழுத்துக்கு முப்பது

பாம்பனில் எதுவும் ரொம்ப நாள் ஓடுவதில்லை.
உப்புக் காற்று முதலில்
திருகாணியைத் தின்னும்,
பிறகு திருகாணி பிடித்திருந்ததை.
மூன்று வருட மிக்சிக்கு
முப்பது வருட முகம்.
கரண்டு பில்லின் முதுகில்
என் திட்டத்தின் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்:
துரு நிற்காது. ஆகவே தொழில் நிற்காது.

குழுவில் எடுத்தது நாற்பதாயிரம்.
ஐஸ் கம்பெனிக்கு எதிரே பாதிக் கடை,
மீதிப் பாதியில் இன்னும் வலை விற்கிறார்கள்.
அட்வான்ஸ் பதினைந்து.
காயில் சுற்றும் மெஷின் ஒன்பது,
பரமக்குடி ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்தவன்
சவூதி போகிற அவசரத்தில் தள்ளிவிட்டது.
செம்புக் கம்பி விலையைக் கேட்டு
அரைக் கிலோ குறைத்துக்கொண்டேன்.
மல்டிமீட்டர், பேரிங், கிரீஸ்,
எனக்கொரு ஸ்டூல், வருகிறவருக்கு ஒன்று.
முதல் இரண்டு தவணை பைபிள் உறைக்குள்;
அதைத் தொட்டால் பாவம்.
மிச்சம் நானூற்று முப்பது ரூபாய்.
அதற்குப் பெயர் விளம்பரச் செலவு.

ஆட்டோவில் மைக் கட்ட ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு.
ஃபிளெக்ஸ் மலிவுதான்,
கச்சான் கிளம்பினால்
தங்கச்சிமடத்தில் போய்ப் பொறுக்க வேண்டும்.
பூசை முடிந்ததும் ஒரு வரி சொல்லுங்கள் என்று
சாமியாரிடம் கேட்டேன்.
கல்யாண ஓலை மூன்றும் வாசித்து முடியட்டும் என்றார்.
முடிந்தது. மறந்துவிட்டார்.

நாகூர்கனி, படகுக்குப் பேர் எழுதுகிறவர்.
எழுத்துக்கு முப்பது, நம்பருக்குப் பாதி.
ரெக்ஸிலின் மின்சாதனப் பழுதுபார்ப்பு நிலையம்.
தூரிகைக் காம்பால் தட்டித் தட்டி எண்ணினார்:
இருபத்திரண்டு.
மெய்யெழுத்துக்கும் முழுக் காசா,
பாதிச் சத்தம்தானே அண்ணே?
"புள்ளியையும் பெயிண்டுலதானே வைக்கணும் தங்கச்சி."

நிலையத்தை எடுத்தேன், நூற்றிருபது மிச்சம்.
பழுதை எடுத்துப் பார்த்தேன்,
பார்ப்பு தனியாக நின்று முழித்தது, அதுவும் போனது.
சாதனம் போனது.
என் பெயரில் வந்து நின்றேன்.
ஐந்து எழுத்து, இரண்டு புள்ளி.
ஞானஸ்நானத்தில் யாரும் எண்ணிப் பார்க்காமல் வைத்த பெயர்.
அதையும் எடுத்தேன்.

கடைசியில்,
ஓடலையா
என்று நாலே எழுத்து, கீழே போன் நம்பர்.
இருநூற்று எழுபது.
கேள்விக்குறி இனாம்,
யாருடைய படகிலோ மிஞ்சிய சிவப்பில்.
பாக்கிக்கு ஒரு பூட்டு வாங்கினேன். பித்தளை.
இரும்பு வாங்க நான் என்ன வெளியூரா?

தடைக்காலம் முடிந்து படகு இறங்கிய
மூன்றாம் நாள் திறந்தேன்.
கைக்குக் காசு வரும்,
காசு வந்தால் மூலையில் கிடக்கும் கிரைண்டர் ஞாபகம் வரும்.
கணக்குச் சரி.
ஒன்பது நாள் ஒருவரும் வரவில்லை.
ஐஸ் அரைக்கிற சத்தத்தைக் கேட்டு
அந்த மோட்டாரில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று
கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன், சம்பளமில்லாமல்.

பத்தாவது நாள் ஒரு பையன்
சைக்கிளில் இருந்தே கேட்டான்:
"என்னக்கா, கடை ஓடலையா?"

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன்.
அப்போதுதான் படித்தேன்.
ஊர் முதல் நாளே படித்துவிட்டிருக்கிறது.
ஏலக்கூடத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள்,
அக்காள்மடம் வரை போயிருக்கிறது,
எனக்கே பட்டப்பெயர் அதுதான்.
ஆயிரத்து இருநூறு கொடுத்தாலும்
மைக் அவ்வளவு தூரம் போயிருக்காது.

சிரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடா வருவார்கள்?
செல்வராணி டேபிள் ஃபேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.
ஒருத்தர் சுவர்க் கடிகாரம்,
ஒருத்தர் காதில் மாட்டும் மெஷின்.
படகு எஞ்சினைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்தவரிடம்
அடுத்த தவணை முடியட்டும் என்றேன்.

நேற்று நாகூர்கனியின் சீலிங் ஃபேன்.
காயில் கருகியிருக்கிறது.
எவ்வளவு ஆகும் என்றார்.
சுற்றுக்கு இவ்வளவு அண்ணே,
எண்ணிச் சொல்கிறேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

போர்டில் துணைக்காலின் அடியில்
காவி நிறம் தட்டியிருக்கிறது.
முதலில் அது போகும், பிறகு ய.
அப்புறம் நிற்பது கேள்வி இல்லை.
அதற்குள்
முப்பது ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்.