உலோகம் உண்டா

உடம்பில் எங்காவது உலோகம் உண்டா, கேட்கிறாள்.
கட்டைவிரலில் ஒரு தூண்டில் முள்,
பதினாலு வயதிலேயே பிடுங்கியாயிற்று.
வேறு?
அப்பாவிடமிருந்து வந்தது உலோகமில்லை.

ஒரு சொட்டும் குடிக்காத மனிதர்.
ஃப்ளோரெஸ் தீவின் படகுத்துறையே சொல்லும்:
விடியுமுன்னே ஊற்றிக்கொண்டான் டியோலிண்டு.

குழாய்க்குள் தடதடவென்று
பழைய டீசல் எஞ்சின்.
அசையாதீர்கள் என்கிறாள்.
எங்கள் வீட்டில் யாருக்கு
அது கைவந்தது?

தினமும் துறைச்சுவரின் விளிம்பில்
ஒற்றைக்காலில் நின்று எண்ணுவேன்.
நேற்று முப்பத்தொன்று.

சிறுமூளை ஒரு மில்லிமீட்டர்
இப்போதே தேய்ந்திருக்கலாம்.
கொயிம்ப்ராவில் யாரோ
பெயரை நீக்கிவிட்டு என்னை அளப்பார்கள்.
முடிவு எனக்கு வேண்டாமென்று
இரண்டு இடத்தில் கையெழுத்து.

வெளியே வந்து
ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன்,
சுவரைத் தொடாமல்.
நிமிர்ந்ததும் முதலில் பார்த்தது
அவள் கவனித்தாளா என்றுதான்.