நாற்பத்து மூன்றில் ஒரு மேடு

வில்லாபுரம் குடியிருப்பு, இரண்டாம் மாடி.
கூடம் பதிமூன்றடி நீளம், பத்தேகால் அகலம்.
அதற்குள் சோபா, தையல் மெஷின், பீரோ,
போன மாதத்திலிருந்து இவை இரண்டு:
இடுப்பளவு உயரம், குழாய் மாதிரி உடம்பு,
விட்டத்தைப் பார்த்து மல்லாந்த ஸ்பீக்கர்,
அதன் தலைக்கு மேல் கவிழ்த்த அலுமினியக் கூம்பு.
எந்தப் பக்கம் முகம் என்று
வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.
முகம் இல்லை. அதுதான் விசேஷம்.

நாக்பூருக்கு மாற்றலாகிப் போன வங்கி மேலாளர்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டது.
அடியில் பீடம் மட்டும் என்னுடையது:
மேலூர் பாலீஷ் பட்டறையில்
ஓரம் உடைந்து கழித்த கறுப்புக் கல்,
ஒவ்வொன்றும் பதினெட்டுக் கிலோ.
பதினோரு வருஷம் அங்கே ரம்பம் ஓட்டினேன்.
கல்லைக் கொடுத்துவிட்டு
இடது காதை எடுத்துக்கொண்டது பட்டறை.
கணக்கு நேர்.

இஸ்மத்பாட்சா ஞாயிறு ராத்திரி வந்தான்,
லேப்டாப், முக்காலி, பென்சில் பருமன் மைக்கோடு.
ஒரு மணிக்கு மேல்தான் அளக்கலாம் என்றான்;
அதுவரை அவனியாபுரம் ரோட்டில் லாரி,
எதிர்த் தெருவில் சடங்கு வீட்டுக் குழாய்.
ஃபேனை நிறுத்தினோம். ஃபிரிட்ஜைப் பிடுங்கினோம்.
(பால் திரிந்தது; அது வேறு வழக்கு.)
சாக்பீஸால் தரையில் ஒரு மீட்டர் வட்டம்,
முப்பது முப்பது பாகையாகப் பன்னிரண்டு புள்ளி.

அடியிலிருந்து கிளம்பிய சோதனை ஒலி
முதலில் தரையோடு ஊர்ந்து,
பீரோக் கண்ணாடியைப் பிடித்து உலுக்கி,
மேலே மேலே ஏறிக் கொசுவாகி,
கொசுவும் இல்லாமல் போனது.
எனக்கு ஒன்பதாயிரத்தோடு முடிந்தது.
இஸ்மத்துக்குப் பதினாலு.
மாடிப்படி நாய்க்கு அதற்கு மேலும் இருந்திருக்க வேண்டும்.
பன்னிரண்டு முறை ஏறியது ஒலி.
பன்னிரண்டு முறை குரைத்தது நாய்.

கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன,
மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட பஸ் டிக்கெட் போல.
எட்டாயிரம் வரை இரண்டு டெசிபல்கூடப் பிரியவில்லை.
முதுகில் மட்டும், கூம்பைத் தாங்கும் கம்பி நிற்குமிடத்தில்
சின்னதாய் ஒரு பள்ளம்.
பிறகு, இடதுகோடியில், நாற்பத்து மூன்று ஹெர்ட்ஸில்
ஒரு மேடு. ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால்
யானைமலை எழும்புமே, அப்படி.
"அது ஸ்பீக்கர் இல்லே, உன் வீடு.
பதிமூணடிக்கு அதுதான் வரும்."
சுவரை நகர்த்த வாடகைக்காரனால் ஆகுமா?

அளந்து முடித்து நாகஸ்வரம் போட்டோம்,
மெதுவாக.
இஸ்மத் முகம் கோணியது.
"ஆள் எங்கே நிக்கிறான்?
வாத்தியம் கதவகலம், தவில் சுவரகலம்.
விரலை நீட்டி இங்கேன்னு சொல்ல வேணாமா?"

அவன் வீட்டில் சொல்லலாம்.
அங்கே ஒரே ஒரு நாற்காலி, நடுக்கோட்டில் ஒரு தலை;
அரையடி சாய்ந்தால் பாடகி இடம் பெயர்ந்துவிடுவாள்.
நானும் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.
வலப்பக்கம் கச்சேரி நடக்கும்.
இடப்பக்கம் பூட்டிய வீடு.

இவை வந்த அன்று
தையல் மெஷினடியில் பொத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.
இடது பெட்டியில்தான் இருக்கிறது என்று
மற்றவர் சொல்லித் தெரிந்த மிருதங்கம்
சுவரில் மோதி, அலமாரியைச் சுற்றிக்கொண்டு
வலது வாசல் வழியே வந்தது.
எழுந்திருக்காமல் அப்படியே இருந்தேன்.
சமையலறையிலிருந்து செங்கமலம் கத்தினாள்:
"இங்கேயும் அதே சத்தம்தான், குறைச்சு வை!"
இதையும் அளவில் சேர் என்றேன் இஸ்மத்திடம்.

அவன் சேர்க்கவில்லை.
"இது துல்லியம் இல்லைப்பா. சுவர் செய்யிற கலப்படம்."

முக்காலியில் நின்ற மைக்கைக் காட்டிக் கேட்டேன்:
இதுக்கு எத்தனை காது?

கொஞ்ச நேரம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
"ஒண்ணுதான்," என்றான்.

விடிந்தால் வேலை. டீ குடிக்காமல் போய்விட்டான்.
பால்தான் திரிந்துவிட்டதே.

சாக்பீஸ் வட்டம் மாப்புக்குப் போயிற்று.
மேடு அங்கேயே இருக்கிறது.
தவிலில் அந்த அடி விழும்போதெல்லாம்
வளையல் டப்பா ஒன்று
பீரோவுக்குள்ளிருந்து பதில் சொல்கிறது.
பீரோ என்று செங்கமலம்தான் சொன்னாள்.
எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று
எனக்குத் தெரியாது.