பத்து மதிப்பெண் வினா

பாளையங்கோட்டையில் மே மாதம், இரண்டாவது வாரம்.
விடைத்தாள் திருத்தும் முகாம்.
நாலு மின்விசிறியில் இரண்டுதான் சுற்றும்,
சுற்றுகிற இரண்டும் எங்களை விட்டுவிட்டுத்
தாள்களைத்தான் பறக்கடிக்கும்.
காலையில் முப்பது, மதியம் முப்பது.
எதிர் மேசை எஸ்தர் பொன்மலர்
சிவப்புப் பேனாவை ஈரக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்திருக்கிறாள்.

பதினேழாவது வினா:
மன்னனின் வீழ்ச்சிக்குக் காரணமான பாத்திரத்தை ஆராய்க.
விடைக்குறிப்பில் ஐந்து வரி.
அரசி. பேராசை. தூண்டுதல். சூழ்ச்சி. முடிவில் வருத்தம்.
வரிக்கு இரண்டு மதிப்பெண்.
இருபத்திரண்டு பேர் அரசியைத் தூக்கில் போட்டார்கள்.
நானும் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

இருபத்து மூன்றாவது தாள்
வாயிலோனில் தொடங்கியது.

பெயரில்லாதவன். மூன்றாம் அங்கத்தில்
நடுராத்திரி கோட்டைக் கதவைத் திறப்பவன்.
நாடகம் முழுக்க அவனுக்கு ஒரே வசனம்:
"யார் அங்கே?"
எழுதிய பிள்ளை ஆணா பெண்ணா, எனக்குத் தெரியாது.
மேலே ஒட்டிய எண் மட்டும்.
இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, ஓர் அடித்தல்கூட இல்லை.

"கேட்டுட்டு, பதில் வாரதுக்கு முன்னாலயே தொறக்கான்.
அப்படியென்றால் வந்தது யாரென்று
அவனுக்கு முதலிலேயே தெரியும்."

'வாரதுக்கு', 'தொறக்கான்': இரண்டுக்கும் வட்டம் போட்டேன்.
பேச்சு வழக்கு, அரை மதிப்பெண் குறைப்பு.
வட்டம் போட்ட பிறகுதான் வாக்கியத்தை வாசித்தேன்.

அடுத்த பக்கம் இன்னும் மோசம்.
"அரசி பேராசைக்காரி என்று உரைநூலில் இருக்கிறது.
நாடகத்தில் இல்லை.
அவள் கேட்பது ஒரு விளக்கு.
விளக்கு கேட்டவளைத் திட்டுகிறோம்,
கதவைத் திறந்தவனை விட்டுவிடுகிறோம்.
பயந்தவனைத் திட்ட நமக்கு மனசு வராது, ஏனென்றால்"

அங்கே பக்கம் முடிந்திருந்தது.
கூடுதல் தாள் எதுவும் கட்டியிருக்கவில்லை.

தலைமைத் தேர்வாளர் கோமதிநாயகத்திடம் கொண்டுபோனேன்.
"கீயில இருக்கா மேடம்?"
"இல்ல சார்."
"அப்புறம் எதுக்குக் கேக்கிய?"

நாலு போட்டேன்.
கையெழுத்துக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று,
மிச்சம் இரண்டு எதற்கென்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
கீழே தாமிரபரணி, கோடு கிழித்த மாதிரித் தண்ணீர்.
முன் சீட்டில் யாரோ கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.
நான் அந்தக் காட்சியை மனப்பாடமாய் ஓட்டிப் பார்த்தேன்.
பதினெட்டு வருஷம் நடத்திய நாடகம்.
அரசி பேச வேண்டிய இடத்திலெல்லாம்
என் குரல்தான் கேட்டது.

பேட்டையில் இறங்கி, குளிக்கக்கூட இல்லை,
பரணிலிருந்து புத்தகத்தை எடுத்தேன்.
இரண்டாம் அங்கம், பக்க ஓரத்தில் என் பென்சில்:
'பேராசை. முக்கியம்.' ஓர் அம்புக்குறி.
அம்பு போய் நின்ற இடத்தில் அச்சே இல்லை.
அதற்கு மேலே அவள் சொல்கிறாள்:
"விளக்கைக் கொண்டு வாருங்கள்.
அழுவது யாரென்று நான் பார்க்க வேண்டும்."

மறுநாள் அந்தக் கட்டு அரக்கு வைத்துப் போய்விட்டது.
லாரி ஏறிவிட்டது என்றார்கள்.

புதுக் கட்டு. முதல் தாள்:
'அரசியே காரணம். ஏனெனில் அவள் பேராசை.'
பேராசை உடையவள் என்று இருந்திருக்க வேண்டும்.
இரண்டாவது தாளிலும் 'உடையவள்' இல்லை.
மூன்றாவதிலும்.
ஏழு வருஷம் முன்னால், தலைவலியோடு,
வகுப்பில் நான் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு அது.
ஒரு சொல்லை விழுங்கியிருக்கிறேன்.
ஜெராக்ஸ் கடைக்கு ஜெராக்ஸ் கடை மாறி
சங்கரன்கோவில், தென்காசி, வள்ளியூர் எல்லாம் சுற்றி
விழுங்கிய சொல்லைக் கடைசி வரை துப்பாமல்
என் மேசைக்கே வந்திருக்கிறது.

எட்டு போட்டேன். எட்டு. மறுபடி எட்டு.

"இன்னைக்கு என்ன, இவ்ளோ வேகமாப் போறிய?"
எஸ்தர் கேட்டாள்.
பதில் வருவதற்குள்
அடுத்த தாளைத் திறந்திருந்தேன்.