சுழல்பாலக்காரரின் நெற்றிப்பொட்டு

எலும்பு மெலிந்த இடம் நெற்றிப்பொட்டு.
குளிர்ந்த களிம்பு தடவி
கருவியின் முனையை அங்கே அழுத்தினால்
உள்ளே ஓடும் ரத்தம் கேட்கும்:
உஷ், உஷ், உஷ்.
சிலருக்கு அந்த ஜன்னல் திறப்பதே இல்லை.
விஸ்வால்டிஸுக்கு இருபது நிமிடம் தேடினேன்.
"அறுபத்தொரு வருஷ மண்டை,
பார்த்துத் தட்டுங்கள்" என்றார்.

லியபாயாவின் கால்வாய்மேல்
இரும்புப் பாலத்தைத் திருப்புவது அவர் வேலை.
கப்பல் வந்தால் பாலம் இரண்டாய்ப் பிரிந்து
கரைக்கொன்றாய் ஒதுங்கும்.
போன நவம்பரில் மரம் ஏற்றிய கப்பலொன்று
பதினோரு நிமிடம் ஊதிக்கொண்டே நின்றது.
அறைக்குள் அவர்
நெம்புகோலில் கை வைத்தபடி,
நாற்காலியில் நிமிர்ந்தபடி
தூங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் தூக்கச் சோதனை,
உடம்பெல்லாம் கம்பி, ஓர் இரவு.
மணிக்கு நாற்பத்திரண்டு முறை மூச்சு நின்றிருக்கிறது.
"மூச்சுக்கு முந்நூறு தரம் என்னைக் குறை சொல்வாள் ஸ்கைட்ரிடே,
மூச்சு நின்றதை மட்டும் சொல்லவில்லை."
சொல்வதற்கு அவள் அந்த அறையிலேயே இல்லை.
குறட்டைக்குப் பயந்து
ஒன்பது வருஷமாய்ச் சமையலறை சோபாவில்.

முப்பது வினாடி மூச்சை அடக்குங்கள் என்றேன்.
பதினேழில் கையை உதறிவிட்டார்.
இரவெல்லாம் யாரும் கேட்காமலே
ஐம்பது, அறுபது என்று அடக்கியவர்
பகலில், கேட்டுக்கொண்டபோது, முடியவில்லை.
சிரித்துவிட்டோம் இருவரும்.
திரையைப் பார்த்ததும் நான் நிறுத்தினேன்.

மூச்சு நின்றால் ரத்தத்தில் கரியமிலவாயு ஏறும்.
மூளையின் குழாய்கள் அதை மோப்பம் பிடித்து
விரிந்து வழிவிட வேண்டும்.
அவருடைய கோடு சற்றே எழுந்தது,
சலித்தது, படுத்துக்கொண்டது,
ராத்திரிதோறும் கதவு தட்டுகிறவனுக்கு
எழுந்து வருவதை விட்டுவிட்ட வீட்டைப் போல.

விளக்கினேன். அவர் தம் வழியில் விளங்கிக்கொண்டார்.
"பாலம் விலகினால் இரு கரையிலும் வண்டி நிற்கும்.
சேர்ந்ததும் எல்லாம் ஒரேயடியாய்ப் பாயும்.
நாளைக்கு நாலு முறை என்றால் சரி.
மணிக்கு நாற்பத்திரண்டு என்றால்
என் பாலத்தின் அச்சு எப்போதோ தேய்ந்திருக்கும்."

பிறகு முகமூடி, குழாய், கட்டிலோரம் முனகும் பெட்டி.
டிசம்பரில் இரண்டு முறை கழற்றி எறிந்தார்.
கன்னத்தில் வார்த் தழும்போடு வந்து
"இந்த ஊரில் போய் காற்றுக்கு மின்கட்டணம் கட்டுகிறேனே" என்றார்.
பிப்ரவரியில் ஸ்கைட்ரிடே கட்டிலுக்குத் திரும்பினாள்.
அவளுக்குத்தான் இப்போது தூக்கமில்லை.
அமைதி பயமுறுத்துகிறதாம்.
நடுராத்திரி எழுந்து
முகமூடியின் துளைக்கு நேரே உள்ளங்கையைக் காட்டுகிறாள்,
அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பவளாய்.

ஜூனில் மறுபடி அதே களிம்பு, அதே பொட்டு.
ஜன்னல் எங்கே என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
முப்பதிலும் அவர் கை அசையவில்லை.
ஓசை தடித்தது, உயர்ந்தது,
கோடு திரையின் மேல் விளிம்பை நோக்கி ஏறிற்று.
இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கிறது;
எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
ஆனால் கதவு தட்டினால்
உள்ளே யாரோ எழுந்து வருகிறார்கள்.

களிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"கனவு வருகிறது.
எத்தனை வருஷமாயிற்று என்றுகூட நினைவில்லை.
பாலத்தின் நடுவில் ஒரு குதிரை.
கப்பல் ஊதுகிறது, குதிரை நகரவில்லை,
நானும் பாலத்தைத் திருப்பவில்லை.
விழித்ததும் கவலையாகிவிட்டது,
அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேனே என்று."

படிவத்தில் இடது, வலது,
வினாடிக்கு எத்தனை சென்டிமீட்டர்
என்ற கட்டங்கள்தான் உண்டு.
பேனாவை மூடிவிட்டு
என்ன நிறம் என்று கேட்டேன்.
யோசித்தார்.
"நனைந்திருந்தது" என்றார்.